ஓலை வாசிக்கும் முன்

ஆனி பிறந்து, மேற்கே மலைமுகட்டில் மேகம் கவிந்து, தென்காசித் தெருக்களிற் சாரற் காற்றுப் புகுந்துவிட்டால் எங்கள் ஊரார்க்கு இரண்டு வேலைகள் வந்து சேரும். ஒன்று, குற்றாலத்து நீராட்டை முன்னிட்டு வந்திறங்கும் உற்றார் உறவினரை உபசரித்தல். மற்றொன்று, வந்தவர்களை வைத்துக்கொண்டே கலியாணப் பேச்சுக்களை நடத்துதல். ஐந்தருவியிலே தலை நனைத்துவிட்டு, ஈரம் உலர்வதற்கு முன்னரே சம்பந்தம் பேசி முடித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. 2025-ஆம் ஆண்டுச் சாரற் பருவத்தில் என் தமக்கை மகளுக்கும் அவ்வாறே நிச்சயமாயிற்று. பிள்ளை சென்னையிலே கணிப்பொறித் தொழிலில் இருப்பவர். பெண் உள்ளூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியை.

நிச்சயத்திற்கு முன்னே இரு வீட்டாரும் விசாரித்த விசாரணையை நினைத்தால் இன்றும் எனக்கு நகைப்பு வருகிறது. பிள்ளையின் சம்பளம், வாடகை வீடா சொந்த வீடா என்பது, தகப்பனார் வாங்கிய கடன், பாட்டனார் எந்தத் துரைமகனாரிடம் ஞானஸ்நானம் பெற்றார் என்பது வரையில் ஒன்றும் விடவில்லை. சாதகம் பார்க்கும் அண்டை வீட்டாரைப் பார்த்து மூடப் பழக்கம் என்று பேசும் நாங்கள், அவர்கள் பார்க்கும் பத்துப் பொருத்தத்திற்கு மேலே பத்துப் பொருத்தம் பார்த்தோம். எங்கள் மலையைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தம் குறவஞ்சியிலே வசந்தவல்லியின் கையைக் குறத்தி ஒருத்தி பற்றிப் பார்த்துக் குறி சொல்வதாக அமைத்தார். அவளாவது கையைப் பார்த்தாள். நாங்கள் பத்திரத்தை மட்டுமே பார்த்தோம். இரத்தத்தைப் பார்க்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றியது மணமக்களுக்கே. நிச்சயம் முடிந்து மூன்று வாரம் சென்றபின் ஒரு மாலையில் அப்பெண் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, "மாமா, ஓலை வாசிப்பதற்கு முன்னே நாங்கள் இருவரும் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டிலே பெரிய அழுகையாய் இருக்கிறது. தாங்கள்தாம் வந்து சொல்லவேண்டும்" என்றாள்.

எங்கள் திருச்சபை வழக்கம் அறியாத நேயர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். மணத்திற்கு முன்னுள்ள மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், ஆராதனை நடுவே ஐயரவர்கள் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடைபெற இருக்கிறதென்று சபையறிய வாசித்து, தடை ஏதேனும் அறிந்தவர் இருப்பின் தெரிவிக்குமாறு கேட்பார். இதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். ஒருவரும் எழுந்து ஒன்றும் சொல்வதில்லை. சொல்லும் இடமும் அஃதன்று.

அப்பெண் 'ஓலை' என்ற சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் என் மனம் அவள் கலியாணத்தை விட்டு வேறொரு கலியாணத்திற்குப் போய்விட்டது. இருபத்தெட்டு ஆண்டுகளாக யான் ஒருவரிடமும் சொல்லாதிருந்த செய்தி அது. இப்பொழுது சொல்லிவிடுகிறேன்.

1997-ஆம் ஆண்டு. என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்து பயின்ற நண்பர் ஒருவருக்கு விவாகம் நிச்சயமாகியிருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவர் மெலிந்து, விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் அவதியுற்று, ஒரு மருத்துவரைக் கண்டார். அம்மருத்துவர் இரத்தம் சோதித்துக்கொள்ளும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். சிற்றாற்றங்கரையில் ஒரு மாலை உலாவுகையில் நண்பர் அச்சீட்டை எடுத்து என்னிடம் காட்டினார். யான் படித்தேன், மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "போகலாமா, வேண்டாமா?" என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு யான் கூறிய விடை, "காய்ச்சல்தான் நின்றுவிட்டதே" என்பது. அவரும் அவ்விடையையே எதிர்பார்த்தவர்போல் முகம் தெளிந்தார். அச்சீட்டு ஆற்றிலே போயிற்று. மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கப்பெற்றது. மூன்றாம் வரிசை விசிப்பலகையில் அமர்ந்திருந்த யான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாண விருந்திலே பந்தி விசாரித்தவனும் யானே.

2001-இல் அவர் இறந்தார். இறப்பதற்குச் சில திங்களுக்கு முன் பார்க்கச் சென்றபோது அவர் மனைவி கொணர்ந்த காப்பியை, இப்பொழுதுதான் குடித்தேன் என்று பொய் சொல்லி மறுத்தேன். தம்ளரிலே நோய் ஒட்டியிருக்கும் என்று அஞ்சினேன். கல்லூரியிலே விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவன் யான் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவ்வம்மையாருக்கும் தொற்று உண்டென்பது பின்னர்த் தெரிந்தது, குழந்தைக்கு இல்லை. 2004 ஏப்ரல் முதல் நாளில் இந்திய அரசாங்கம் எட்டு மருத்துவமனைகளிற் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. அவற்றுள் ஒன்று தாம்பரத்து அரசு மருத்துவமனை. பின்னர் அது மாவட்டங்களுக்கும் பரவியதனால் அவர் இன்றும் நலமாக இருக்கிறார். தையல் தொழில் செய்து மகனைப் படிக்கவைத்தார். என்னைக் காணுந்தோறும் அன்பாகவே பேசுகிறார். அச்சீட்டைப் பற்றி அவர் அறியார்.

நிற்க. என் தமக்கை மகள் பேச்சுக்கு வருவோம். "பிள்ளையின்மீது உனக்கு ஐயமா?" என்று யான் கேட்டேன். எவரும் கேட்கக்கூடிய முதற் கேள்வி அதுதான், அவள் சிரித்தாள். "முதலிற் பேச்செடுத்தவள் நான் அல்லேன் மாமா, அவரே எடுத்தார்" என்றாள். பிள்ளை தம் கல்லூரியிலே செஞ்சுருள் சங்கத்தில் இருந்தவராம். கைப்பேசியின் வழியே காணத்தக்க பாடங்கள் சிலவற்றை அவளுக்கு அனுப்பி, "இவற்றை நீ தனியே பார். நானும் பார்க்கிறேன். பின்பு உனக்கு விருப்பமானால் பேசுவோம். நான் சோதித்துக்கொள்ளப் போகிறேன், நீ வருவதும் வராமலிருப்பதும் உன் இஷ்டம்" என்றாராம். உன்னைச் சோதிக்கவேண்டும் என்று தொடங்காமல் என்னைச் சோதித்துக்கொள்கிறேன் என்று தொடங்கியதே அப்பிள்ளையின் பண்பைக் காட்டுகிறது என்று எனக்குப் பட்டது. நாங்கள் பார்த்த இருபது பொருத்தங்களிலும் இது அகப்படவில்லை.

அவள் அப்பாடங்களை என் கைப்பேசியிலும் ஏற்றிக் கொடுத்தாள். அறுபதை எட்டும் வயதில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, இரண்டு இரவுகள் அவற்றைப் பார்த்தேன். பார்க்கும்போது ஒரு செய்தி என் மனத்திற் பட்டது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலே நம் நாட்டுச் சுவர்களில் எல்லாம் புள்ளிராஜா என்னும் பெயர் எழுதப்பட்டிருந்ததைப் பலரும் நினைவுகொள்வர். அச்சுவரின் எதிரே நின்று முழுவதையும் படிக்க எவருக்குத் துணிவிருந்தது? யாரேனும் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று ஓரக்கண்ணாற் படித்துக்கொண்டே நடந்தோம். நகைக்கப் பயன்பட்ட அளவு கற்கப் பயன்படவில்லை. கைப்பேசியோ ஒருவன் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, புரியாத இடத்தை மூன்று முறை திருப்பிக் கேட்டு, ஆசிரியர் முகத்தைப் பார்க்கும் கூச்சமின்றிப் படிக்க இடந்தருகிறது. சிற்றூரிலே ஒரு பெண் இத்தகைய பொருளை வேறெங்கே சென்று கேட்பாள்? அதே கைப்பேசியில் மூலிகையால் இந்நோயை வேரறுப்பதாகக் கூறும் வாய்வீச்சுக்காரரும் இருக்கின்றனர் என்பது மெய். மருந்துச் சட்ட விதிகளின் 'ஜே' அட்டவணை, குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யலாகாத நோய்களின் வரிசையில் எய்ட்ஸை முதலில் வைத்திருக்கிறது. ஆதலின் அரசாங்கத்தாரும் மருத்துவக் கல்லூரிகளும் வெளியிடும் பாடங்களையே நாடவேண்டும். ஐயம் எழுந்தால் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. அதிற் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

யான் கற்றவற்றுள் என்னை நாணச் செய்தவை முதலில்: தம்ளரிலும், தட்டிலும், கைகுலுக்கலிலும், கொசுவிலும் இக்கிருமி பரவாது. உடலுறவாலும், தொற்றுள்ள இரத்தத்தாலும் ஊசியாலும், தாயிடமிருந்து கருவிலும் பேற்றிலும் பாலூட்டலிலும் குழந்தைக்கும் பரவும். இதிலிருந்து பிறிதொன்று தெளிவாகிறது. 1990-களிலும் அதன்பின்னும் தாயின் வழியே தொற்றுப் பெற்றுப் பிறந்து, மருந்தால் உயிர்காக்கப்பெற்ற குழந்தைகள் இன்று கலியாண வயதில் இருக்கின்றனர். சோதனை முடிவைக் கொண்டு ஒருவர் ஒழுக்கத்தை அளப்பது எத்துணை அறியாமை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. கிருமி உடலிற் புகுந்த மறுநாளே சோதனையில் அகப்படாது. எதிர்ப்பொருளைத் தேடும் விரைவுச் சோதனையாயின் மூன்று மாதம் வரையில் மறைந்திருத்தல் கூடும். இதனைச் சாளரக் காலம் என்பர். ஆகையால் நிச்சயத்திற்கும் மணத்திற்கும் இடையிலே சில மாதம் இருப்பது நல்லதாயிற்று. ஐயமுள்ளவர் இருமுறை சோதித்துக்கொள்ளலாம். ஒரு சோதனையிலே தொற்று இருப்பதாகக் காட்டினால் அதனையே முடிவாகக் கொள்ளாமல், வேறு முறைகளில் அமைந்த சோதனைகளாலும் உறுதிசெய்த பின்னரே சொல்லுவர்.

தொற்று உண்டென்று தெரிந்தால் கலியாணம் என்னாவது? 1997-இல் இக்கேள்விக்கு விடையில்லை என்று எண்ணியே நண்பரும் யானும் வாயை மூடிக்கொண்டோம். இன்று விடையுண்டு. 2017 முதல் தொற்றுள்ளோர் அனைவர்க்கும், உடல்நிலை எதுவாயினும், உடனே மருந்து தொடங்கும் முறை நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர்க்குத் தொற்றிருந்து மற்றவர்க்கு இல்லாத 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளிலே ஆராய்ந்த ஆராய்ச்சியொன்று, முன்னரே மருந்து தொடங்கினால் துணைவர்க்குப் பரவுதல் 96 விழுக்காடு குறைகிறதென்று 2011-இல் அறிவித்தது. அவ்வாராய்ச்சி நடந்த இடங்களிற் சென்னையும் ஒன்று. மருந்தை ஒழுங்காக உண்டு, இரத்தத்திலே கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் தொற்றுப் பரவுவதில்லை என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் நிலைபெற்றுவிட்டது. சிகிச்சையின்றேல் தொற்றுள்ள தாய்மார் நூற்றுவருக்குப் பிறக்கும் குழந்தைகளுள் 15 முதல் 45 வரை தொற்றுப் பெறும். சிகிச்சையால் அதனை ஐந்திற்கும் கீழே இறக்கலாம். ஆற்றிலே விட்ட அந்தச் சீட்டுக்கு இத்துணை மதிப்பு அந்நாளில் இல்லைதான். ஆயினும் அவர் மனைவியேனும் தொற்றிலிருந்து தப்பியிருப்பார்.

இந்நோய் இந்தியாவில் இருக்கிறதென்பதையே முதலிற் கண்டுபிடித்தது நம் தமிழ்நாட்டிலேதான் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுநீதி சாலமனிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி, தம் ஆராய்ச்சிக்காக இரத்த மாதிரிகளைத் திரட்டினார். சென்னையிற் சோதிக்கும் வசதி இல்லாமையால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலே காத்து வைத்து, இரவு ரெயிலில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகள் நிறம் மாறின. இந்தியர்க்கு இந்நோய் வாராது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் திகைத்தனர். டாக்டர் சுநீதி 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தை நிறுவி 2015-இல் மறையும் வரை இப்பணியிலேயே நின்றார். மருத்துவத்தோடு நில்லாமல், தொற்றுள்ள இளைஞர்க்கும் பெண்களுக்கும் ஏற்ற துணை தேடி மணம் கூட்டிவைக்கும் தரகு வேலையும் அவர் செய்தார் என்பதை அறிந்தபோது, எங்கள் ஊர்க் கலியாணத் தரகர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் கூலி வாங்குகிறார்கள் என்பது ஒன்று. இன்னும் பல வேற்றுமைகள் உண்டு.

இத்துணை நன்மையுள்ள சோதனையைச் சட்டத்தாற் கட்டாயமாக்கினால் என்ன என்று கேட்பாரும் உளர். 2025 ஜூலையில் மேகாலயா அரசாங்கத்தார் இதனை ஆலோசிப்பதாகக் கூறினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தார் 1988-இல் இவ்வாறே ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். முதல் ஆறு மாதத்தில் மண அனுமதி வேண்டினோர் 70,846 பேர். அவர்களுள் தொற்றுக் காணப்பட்டோர் எண்மர். மண அனுமதி பெற்றோர் தொகையோ 22.5 விழுக்காடு குறைந்தது. சோதனைக்கு அஞ்சியும் செலவுக்கு அஞ்சியும் பலர் அண்டை மாகாணங்களுக்குச் சென்று மணந்தனர். மறு ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. அடுத்த மாகாணத்திற்கு ஓட அவர்களுக்கு வழியிருந்தது. நம் நாட்டிலே கட்டாயம் வருமாயின் பெண்ணின் முடிவுச்சீட்டு முதலில் மாமியார் கைக்கும், பின்பு தெருவுக்கும் போய்ச்சேரும். பிள்ளையின் சீட்டுக்கு மாத்திரம் பணங்கொடுத்துப் பொய்ச்சீட்டு ஒன்று பிறக்கும்.

நம் நாட்டு நீதிமன்றமும் இவ்விஷயத்திலே ஒருமுறை தடுமாறித் திருந்தியது. மண நாள் குறித்திருந்த ஒருவர் இரத்த தானம் செய்தபோது தொற்றுத் தெரியவந்து, மருத்துவமனை அதனை வெளியிட்டதனால் மணம் நின்றது. அவர் தொடுத்த வழக்கிலே 1998-இல் உச்ச நீதிமன்றம், தொற்றுள்ளோரின் மணஞ்செய்யும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டதாகும் என்னும் அளவிற்குப் பேசிவிட்டது. 2002-இல் அவ்வுரைகள் வேண்டாதன என்று அதுவே விலக்கிற்று. 2017-இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், அறிந்து அளிக்கும் சம்மதமின்றி ஒருவரையும் சோதித்தலாகாது, முடிவை வெளியிடலாகாது என்று விதிக்கிறது. துணைவர்க்கு ஆபத்து நேருமிடத்து மருத்துவரோ ஆலோசகரோ முறைப்படி அவர்க்கு மாத்திரம் தெரிவிக்க இடந்தருகிறது.

இவ்வளவும் படித்துத் தேர்ந்த பண்டிதனாய் யான் தமக்கை வீட்டிற்குப் போனேன். "தம்பி, நீயும் அவளோடு சேர்ந்துகொண்டாயா? பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் நம் பெண்ணைப் பற்றி என்ன எண்ணுவார்கள்?" என்று அக்காள் கேட்டாள். தொற்று, சாளரம், சட்டம், இல்லினாய் எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் முகத்திலே ஒன்றும் ஏறவில்லை. இரத்த வகை பார்ப்பதுபோல இஃதும் ஒன்று என்றேன், "இரத்த வகை பார்ப்பதற்கு யார் வெட்கப்படுகிறார்கள்?" என்றாள். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. கடைசியில் சிற்றாற்றங்கரைக் கதையைச் சொன்னேன். அக்காளுக்கு அந்நண்பரைத் தெரியும். அவர் கலியாணத்திற்கு அவளும் வந்திருந்தாள். வெகுநேரம் பேசாமலிருந்தாள். பின்பு, "நீ அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். யான் விடை கூறவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய், மகளிடம், "என்றைக்குப் போகப்போகிறீர்கள்?" என்று விசாரித்தது என் காதில் விழுந்தது.

பிள்ளை விடுமுறையில் வந்திருந்த ஒரு நாள் காலையில் மூவரும் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திற்குச் சென்றோம். துணைக்கு வந்த யான் வெளியே பலகையில் அமர்ந்தேன். ஆலோசகர் என்ன கேட்டார், இவர்கள் என்ன சொன்னார்கள் என்பது யான் அறியேன். கட்டணம் இல்லை. தனித்தனியே அழைத்துப் பேசிக் கையொப்பம் வாங்கி, இரத்தம் எடுத்து, சற்றுநேரம் காத்திருக்கச் சொல்லி, மீண்டும் தனித்தனியே அழைத்து முடிவைச் சொல்லினர். பின்பு இருவரும் சேர்ந்து உள்ளே போய்ச் சிறிதுநேரம் இருந்து வந்தனர். அந்நேரத்தில் எனக்கு உண்டான படபடப்பை, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் அறிவர்.

முடிவு என்னவென்று யான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அக்காள் கேட்டாளா என்பதும் தெரியாது. இதனை வாசிப்போர்க்கும் சொல்லுவதற்கில்லை.

அன்று பிற்பகலிற் பழைய குற்றாலத்திற்குப் போய்வரலாம் என்று அப்பெண் சொன்னாள். போனோம். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயரவர்கள் முதல் ஓலை வாசித்தார். பெயர்களை வாசித்து, தடை அறிந்தவர் தெரிவிக்குமாறு கேட்டு, சற்றே நிறுத்தினார். என் பக்கத்தில் இருந்த அக்காள் என் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தாள்.